எதிர்ப்பக்கத்திலிருந்து அழைக்காதீர்கள்

மாலை நான்கு மணி. பள்ளி வேன் ஒன்று சாலையோரம் வந்து நிற்கிறது. முதுகில் பையுடன் ஆறு வயதுச் சிறுமி இறங்குகிறாள். அவளுடைய வீடு சாலையின் மறுபக்கத்தில் இருக்கிறது. வீட்டு வாசலில் பாட்டி காத்து நிற்கிறார். பேத்தியைக் கண்ட மகிழ்ச்சியில் இரு கைகளையும் நீட்டி, "வா கண்ணு, வா" என்று அழைக்கிறார். சிறுமியின் கண்களுக்குப் பாட்டி மட்டுமே தெரிகிறார். வேனின் முன்புறத்தைச் சுற்றிக்கொண்டு அவள் ஓடத் தொடங்குகிறாள். வேனை முந்திச் செல்ல வலப்பக்கம் ஒதுங்கி வரும் இருசக்கர வாகனம் அவளுக்குத் தெரியாது. அவள் வருவது அந்த ஓட்டுநருக்கும் தெரியாது.

பெரும்பாலான நாள்களில் ஒன்றும் நேர்வதில்லை. ஒன்றும் நேராத அந்த நாள்களே இப்பழக்கத்தை நம்மிடம் நிலைபெறச் செய்கின்றன.

அடிபட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடிவரும் பெற்றோரின் சொற்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். "ஒரு நொடிதான் கையை விட்டேன்" என்பார்கள். "எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்" என்பார்கள். இரண்டும் உண்மையே. குழந்தைக்குச் சொல்லியிருப்பார்கள்; குழந்தையும் அதைக் கேட்டிருக்கும்; கேட்டதைப் பிழையின்றித் திருப்பிச் சொல்லவும் அதனால் முடியும். ஆயினும் சாலையோரத்தில் நிற்கும் அந்தக் கணத்தில் அந்த அறிவுரை அதற்குக் கைகொடுப்பதில்லை. அது ஏன் என்பதையும், பெரியவர்களாகிய நாம் என்ன செய்ய வேண்டும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எவரையும் குற்றம் சாட்டுவது அன்று.

குழந்தை ஏன் பார்ப்பதில்லை?

சாலையைக் கடப்பது நமக்கு எளிய செயலாகத் தோன்றுகிறது. உண்மையில் அது பல திறன்கள் ஒரே நேரத்தில் இணைந்து இயங்க வேண்டிய செயல். வாகனம் வரும் திசையை அறிய வேண்டும். அதன் வேகத்தையும் தூரத்தையும் மதிப்பிட வேண்டும். நாம் கடந்து முடிக்க எவ்வளவு நேரமாகும் எனக் கணிக்க வேண்டும். இடையில் வேறெதிலும் கவனம் சிதறாமல் இருக்க வேண்டும். இத்திறன்கள் யாவும் பிறவியிலேயே வாய்ப்பவை அல்ல. கண்ணும் காதும் மூளையும் வளர வளர, ஆண்டுக்கணக்கில் முதிர்பவை.

மூன்று, நான்கு வயதுக் குழந்தை கண்ணாமூச்சி ஆடும்போது தன் கண்களை மூடிக்கொண்டு, தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நம்புவதை நாம் ரசித்திருக்கிறோம். அதே நம்பிக்கை சாலையில் தலைகீழாகச் செயல்படுகிறது. "எனக்கு லாரி தெரிகிறது, ஆகவே லாரிக்காரருக்கும் நான் தெரிகிறேன்" என்று குழந்தை எண்ணுகிறது. பிறர் நிற்குமிடத்திலிருந்து பார்த்தால் உலகம் வேறாகத் தெரியும் என்னும் அறிவு அதனிடம் மெல்ல மெல்லத்தான் உருவாகிறது.

ஐந்து வயதுக் குழந்தையின் கண்கள் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. சாலையோரம் நிறுத்தப்பட்டிருக்கும் ஆட்டோ, காய்கறித் தள்ளுவண்டி, குப்பைத் தொட்டி ஆகியவற்றின் மேலாக நாம் எளிதில் பார்த்துவிடுகிறோம். குழந்தைக்கு அவை சுவர்கள். உங்கள் வீட்டு வாசலில் ஒருமுறை குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து இருபுறமும் பாருங்கள். நீங்கள் நாள்தோறும் காணும் சாலை அங்கே இராது.

ஒலியைக் கொண்டு திசையை அறிவதும் சிறு குழந்தைகளுக்குக் கடினம். ஒலிப்பானின் சத்தம் கேட்டதும் சில குழந்தைகள் திகைத்து நின்றுவிடுகின்றன. சில, வாகனம் வரும் பக்கமாகவே ஓடுகின்றன. இப்போது பெருகியுள்ள மின்சார இருசக்கர வாகனங்களோ நெருங்கி வரும்வரை ஓசை எழுப்புவதே இல்லை.

வேகத்தை மதிப்பிடும் திறன் இவை எல்லாவற்றினும் தாமதமாக முதிர்கிறது. நேர் எதிரே வரும் வாகனத்தின் உருவம் கண்ணில் எவ்வளவு விரைவாகப் பெரிதாகிறது என்பதைக் கொண்டே நாம் அதன் வேகத்தை உணர்கிறோம். லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் 2011-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. மணிக்கு 20 மைல், அதாவது ஏறத்தாழ 32 கி.மீ. வேகத்தைத் தாண்டி வரும் வாகனம் தம்மை நெருங்குகிறது என்பதையே தொடக்கப்பள்ளி வயதுக் குழந்தைகளால் உறுதியாகக் கண்டறிய முடியாமல் போகலாம் என அவர்கள் கண்டனர். வேகமாக வரும் வாகனம், நிற்கும் வாகனம் போலத் தோன்றிவிடுகிறது. குழந்தை பார்க்காமல் ஓடியது என்று நாம் சொல்லும் நிகழ்வுகளில் சில, குழந்தை பார்த்தும் அதற்குப் புலப்படாத நிகழ்வுகளாக இருக்கக்கூடும்.

சுவீடன் நாட்டு உளவியலாளர் ஸ்டீனா சாண்டெல்ஸ் 1960-களில் போக்குவரத்தில் சிறு குழந்தைகள் நடந்துகொள்ளும் விதத்தை நெடுநாள் ஆராய்ந்தார். சிறு குழந்தையைப் போக்குவரத்துக்கேற்ப மாற்றிவிட முடியாது, போக்குவரத்தையே குழந்தைக்கேற்ப மாற்ற வேண்டும் என்பதே அவர் வந்தடைந்த முடிவு.

வேகமும் தூரமும்

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். இருவழிச் சாலை ஒன்றின் அகலம் 7 மீட்டர் எனக் கொள்வோம். சிறு குழந்தை நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் கடந்து முடிக்க 7 நொடி ஆகும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் வாகனம் அந்த 7 நொடிகளில் ஏறத்தாழ 78 மீட்டர் கடந்துவிடும். ஏழு பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம். கடக்கத் தொடங்கும்போது அந்தத் தூரம் முழுவதும் காலியாக இருக்க வேண்டும். வளைவும் மேம்பாலச் சரிவும் நிறுத்தப்பட்ட வாகனங்களும் உள்ள நம் சாலைகளில் அவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிவதே அரிது.

இனி ஓட்டுநரின் பக்கம். குறுக்கே ஓடிவரும் குழந்தையைக் கண்டு, பிரேக்கை மிதிப்பதற்கே அவருக்கு ஏறத்தாழ ஒரு நொடி ஆகிறது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வருபவர் அந்த ஒரு நொடியில் 8 மீட்டரும், பிரேக் பிடித்த பின் உலர்ந்த சாலையில் மேலும் 5 மீட்டரும் சென்று, மொத்தம் 13 மீட்டரில் நின்றுவிடுவார். 50 கி.மீ. வேகத்தில் வருபவரோ பிரேக்கைத் தொடுவதற்குள்ளாகவே 14 மீட்டர் கடந்திருப்பார். அதாவது 13 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை சாலையில் இறங்கினால், முதலாமவர் அதன் அருகே வந்து நின்றுவிடுவார். இரண்டாமவரின் வண்டி சற்றும் வேகம் குறையாமல் மோதும். மழைநாளில் இத்தூரங்கள் இன்னும் கூடும். நடப்பவர்களும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் மணிக்கு 30 கி.மீ. என்னும் வரம்பை உலக நலவாழ்வு நிறுவனம் வலியுறுத்துவதன் காரணம் இதுவே.

சிறிய உடல், பெரிய அடி

காரின் முன்பகுதி பெரியவர்களைக் காலில் தாக்குகிறது. அதே உயரத்தில் குழந்தைக்குத் தொடையும் இடுப்பும் வயிறும் இருக்கின்றன. சற்று உயரமான வண்டியானால் மார்பும் தலையும்கூட. உடலின் அளவோடு ஒப்பிட்டால் குழந்தையின் தலை பெரியது. ஆகவே தூக்கி எறியப்படும்போது தலை தரையில் மோதும் வாய்ப்பும் அதிகம். விலா எலும்புகள் வளையும் தன்மையுடையவை என்பதால், எலும்பு முறியாமலேயே உள்ளிருக்கும் நுரையீரல் நசுங்கிப் புண்படலாம். வெளியே சிராய்ப்பு மட்டும் உள்ள குழந்தையையும் மருத்துவர்கள் பல மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருப்பது இதனால்தான்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கையின்படி உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் சாலை விபத்துகளில் உயிரிழக்கின்றனர். 5 முதல் 29 வயது வரையிலானோரின் இறப்புக்கு முதன்மைக் காரணம் எந்த நோயும் அன்று, சாலை விபத்தே. தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்து, நாள் தவறாமல் ஊசி போடும் நாம், இந்த ஆபத்துக்கும் அதே அளவு முன்னேற்பாடு செய்ய வேண்டியவர்களாக இருக்கிறோம்.

அழைக்கும் குரல்

குழந்தை சாலையில் இறங்குவதற்குப் பெரியவர்களாகிய நாமே அறியாமல் காரணமாகிவிடும் தருணங்கள் உண்டு. அவற்றுள் முதன்மையானது, எதிர்ப்பக்கத்தில் நின்று அழைப்பது. அழைக்கும் குரல் கேட்டதும் குழந்தையின் கவனம் முழுவதும் அம்முகத்தின்மேல் குவிந்துவிடுகிறது. இடையில் இருக்கும் சாலை அதன் மனத்திலிருந்து மறைந்துவிடுகிறது. அழைப்பவர் எவ்வளவு அன்புக்குரியவரோ, அவ்வளவு விரைவாக அது ஓடிவரும்.

அலுவலகம் முடிந்து வரும் தந்தை சாலையின் அப்பக்கம் வண்டியை நிறுத்திக் கையசைப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. கடையிலிருக்கும் தாத்தா மிட்டாயைத் தூக்கிக் காட்டுவதும், விளையாட்டுத் தோழர்கள் எதிர் வாசலில் நின்று கூவுவதும் அப்படித்தான். ஆகவே ஒரே ஒரு விதியை மட்டும் வீட்டில் நிலைநாட்ட முடியுமானால், அது இதுவாக இருக்கட்டும்: குழந்தை இருக்கும் பக்கத்துக்குப் பெரியவரே செல்ல வேண்டும். எதிர்ப்பக்கம் நின்று எவரும் அழைக்கக் கூடாது, கையசைக்கக் கூடாது. வேன் வரும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே, அது வந்து நிற்கும் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். வர இயலாத நாளில், யாராவது வந்து கையைப் பிடிக்கும்வரை குழந்தையை இறக்கிவிட வேண்டாம் என ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். குழந்தை ஏற்கெனவே எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தால், "வா" என்னாமல் "அங்கேயே நில்" என்று உள்ளங்கையைக் காட்டிச் சொல்லிவிட்டு நீங்கள் கடந்து செல்லுங்கள்.

இரண்டாவது, நாம் கடக்கும் முறை. வரும் வாகனங்களை நோக்கிக் கையைக் காட்டிக்கொண்டே நடந்துவிடுவது நம் ஊர்களில் எல்லாரிடமும் உள்ள வழக்கம். பெரியவரின் உயர்த்திய கை ஓட்டுநருக்குத் தெரியும். அதைப் பார்த்து வளரும் குழந்தையோ, கையைக் காட்டினால் வண்டி நின்றுவிடும் என்று பாடம் கற்கிறது. ஆட்டோவின் பின்னால் உயரும் அந்தச் சிறு கையை யார் காண்பார்? குழந்தை உடனிருக்கும்போதாவது வாகனம் நின்ற பிறகே காலெடுத்து வைப்போம். சாலை நடுவிலுள்ள தடுப்புச் சுவரைக் குழந்தையுடன் தாண்டுவதையும் விட்டுவிடுவோம். நாம் ஐம்பது முறை சொன்ன அறிவுரையைவிட, ஒருமுறை செய்து காட்டியது அதன் நினைவில் நிற்கும்.

மூன்றாவது, கையைப் பிடிக்கும் விதம். நம் ஒரு விரலைக் குழந்தை பிடித்துக்கொண்டு நடந்தால், விடுவதும் அதன் விருப்பம்தான். கையை நாம் பிடிக்க வேண்டும். மணிக்கட்டையும் சேர்த்து உறுதியாகப் பற்ற வேண்டும். அதே வேளையில், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கையை மேல்நோக்கி வெடுக்கென இழுக்கக் கூடாது. முழங்கை எலும்பு இடம் விலகக்கூடும். வாகனங்கள் செல்லும் பக்கத்தில் பெரியவரும், உட்புறத்தில் குழந்தையும் நடக்க வேண்டும். நடைபாதை இல்லாத சாலையில், வாகனங்கள் எதிரே வருவது கண்ணுக்குத் தெரியும்படி வலப்புற ஓரமாக நடப்பது பாதுகாப்பானது. இன்னொரு கையில் கைப்பேசி வேண்டாம்.

உடன் வருபவர் யார்?

குழந்தையுடன் பெரியவர் ஒருவர் செல்ல வேண்டும் என்று சொல்வது எளிது. தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் வீட்டில், அல்லது ஒருவர் மருத்துவமனைப் படுக்கையிலும் மற்றொருவர் அவருக்குத் துணையாகவும் இருக்கும் நாள்களில், அந்தப் பெரியவர் யார்? உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

பல வீடுகளில் எட்டு வயது அக்காளிடம் நான்கு வயதுத் தம்பியை ஒப்படைத்து அனுப்புகிறார்கள். அவள் பொறுப்பானவள் என்பதில் ஐயமில்லை. ஆனால் வேகத்தைக் கணிக்கும் திறன் அவளிடமும் இன்னும் முழுமை பெறவில்லை. தம்பி கையை உதறிவிட்டு ஓடினால் அவனைப் பிடிக்க அவளும் பின்னால் ஓடுவாள். ஒரு குழந்தையின் உயிருக்கு இன்னொரு குழந்தையைப் பொறுப்பாக்குவது இருவருக்குமே நேர்மையன்று. ஏதேனும் நேர்ந்துவிட்டால் அந்தப் பாரத்தை அவள் வாழ்நாளெல்லாம் சுமக்க நேரிடும்.

தாத்தா, பாட்டிமார்களின் துணை பெரும் பேறு. எனினும் முழங்கால் வலியோடு மெல்ல நடப்பவர், கண்புரை அல்லது காது மந்தம் உள்ளவர், திமிறி ஓடும் மூன்று வயதுக் குழந்தையைத் தடுத்துப் பிடிக்க இயலுமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களுக்குச் சாலையைக் கடக்கத் தேவையில்லாத வழியை அமைத்துத் தருவதே மரியாதை. வேனை வீட்டுப் பக்கத்திலேயே நிறுத்தச் சொல்லலாம். அல்லது எதிர்ப்பக்கத்துக் கடைக்காரரோ அண்டை வீட்டாரோ குழந்தையை அழைத்துவந்து விட ஏற்பாடு செய்யலாம்.

தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென 2012-ஆம் ஆண்டு தனி விதிகள் வகுக்கப்பட்டன. ஓட்டுநரைத் தவிர உதவியாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. உங்கள் குழந்தை செல்லும் வாகனத்தில் அவர் இருக்கிறாரா, இறங்கும் குழந்தையைக் கையைப் பிடித்துக் கடத்திவிடுகிறாரா என்று கேட்பது உங்கள் உரிமை. பங்கு ஆட்டோவிலும் தனியார் வேனிலும் அனுப்புவோர் இக்கேள்வியை இன்னும் அழுத்தமாகக் கேட்க வேண்டும்.

முன்பெல்லாம் நம் தெருக்களில் எழுதப்படாத வழக்கம் ஒன்று இருந்தது. தனியாக வரும் சிறு பிள்ளையைக் கண்டால் கடைக்காரர் பொருளைக் கொடுப்பதற்கு முன், "யாரோட வந்தே?" என்று கேட்பார். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பெண்மணியும் கேட்பார். பதில் இல்லையென்றால் கையைப் பிடித்துக்கொள்வார். அந்த ஒரு கேள்வி, தெரு முழுவதையும் குழந்தையின் காவலாக்கியது. இன்று அந்நியர்மீது நமக்கு அச்சம் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. பிறர் பிள்ளையைத் தொட்டால் தவறாக எண்ணுவார்களோ என்று நல்லவர்களும் ஒதுங்கி நிற்கிறார்கள். இரண்டு அச்சங்களுக்கும் நடுவே குழந்தை சாலையோரம் தனியாக நிற்கிறது.

இதற்கு வழி, உதவியை வெளிப்படையாகவும் அளவோடும் செய்வது. தனியாக நிற்கும் குழந்தையை எங்கும் அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. அதன் அருகில் நின்று, "நில் கண்ணா, உன்னோடு வந்தவர் எங்கே?" என்று பிறர் காதில் விழும்படி கேட்டாலே போதும். உரியவர் வரும்வரை அங்கேயே நிற்கச் செய்யலாம். பெற்றோரும் தம் தெருவில் நம்பகமான மூன்று, நான்கு பெரியவர்களைக் குழந்தைக்குப் பெயர் சொல்லி அறிமுகம் செய்துவைக்கலாம். "இவர்களோடு சாலையைக் கடக்கலாம், கடந்ததும் நேராக வீட்டுக்கு வர வேண்டும், வேறெங்கும் கூப்பிட்டால் போகக் கூடாது" என்பது குழந்தைக்கும் புரியும் வரம்பு.

ஜப்பானில் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் பெற்றோர் துணையின்றிப் பள்ளிக்கு நடந்து செல்வதைக் கண்டு பலர் வியக்கின்றனர். உற்று நோக்கினால் அவர்கள் தனியாகச் செல்வதில்லை. பல ஊர்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மூத்த மாணவர் தலைமையில் வரிசையாக, முன்பே குறிக்கப்பட்ட பாதையில் செல்கின்றனர். கடக்கும் இடங்களில் பெற்றோரும் முதியோரும் மஞ்சள் கொடியுடன் நிற்கின்றனர். 2011 முதல் குடியிருப்புப் பகுதிகள் பலவற்றில் வேக வரம்பு 30 கி.மீ. ஆக்கப்பட்டுள்ளது. பெற்றோரின் கை அங்கே இல்லை. ஊரின் கை இருக்கிறது.

நம் தெருவிலும் இது இயலாததன்று. ஒரே பள்ளிக்குச் செல்லும் ஐந்தாறு குழந்தைகளின் பெற்றோர் முறை வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒருவராக அழைத்துச் செல்லலாம். வாரத்தில் ஒரு நாள் உங்கள் முறை வரும். மற்ற நாள்களில் உங்கள் குழந்தை இன்னொரு பெரியவரின் கையில் இருக்கும்.

கையை விடும் காலம்

எப்போதும் கையைப் பிடித்துக்கொண்டே இருக்க முடியுமா? கூடாது. இங்கிலாந்தில் 1971-இல் ஏழு, எட்டு வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 80 பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றனர். 1990-இல் மேயர் ஹில்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில் அது நூற்றுக்கு 9 ஆகக் குறைந்திருந்தது. குழந்தைகளின் விபத்து இறப்புகள் அக்காலத்தில் குறைந்தன. ஆயினும் சாலைகள் பாதுகாப்பானதால் அல்ல, குழந்தைகள் சாலையிலிருந்து விலக்கப்பட்டதால்தான் என்பது அவர்களின் வாதம். நடந்து பழகாத குழந்தை, கடக்கவும் கற்பதில்லை. ஆகவே கை பிடிப்பது காவல் மட்டுமன்று, பாடமுமாகும்.

ஐந்து வயது வரை, கையைப் பிடிக்காமல் சாலையோரத்தில் நிற்பதே கூடாது. ஐந்து முதல் ஏழு வயது வரை கையைப் பிடித்தபடியே, கடக்கும் ஒவ்வொரு முறையும் நாம் எண்ணுவதை வாய்விட்டுச் சொல்லலாம்: "நிற்கிறோம். முதலில் வலப்பக்கம் பார்க்கிறோம். பிறகு இடப்பக்கம். மறுபடியும் வலப்பக்கம். அந்த பஸ் போகட்டும். இப்போது நடக்கிறோம், ஓடவில்லை." நம் நாட்டில் வாகனங்கள் இடப்புறமாகச் செல்வதால், நமக்கு அருகிலுள்ள வாகனங்கள் வலப்பக்கத்திலிருந்தே வரும். அமெரிக்கக் கேலிச்சித்திரப் படங்களைப் பார்க்கும் குழந்தைகள் முதலில் இடப்பக்கம் பார்க்கக் கற்றிருக்கலாம், அதைத் திருத்துங்கள். தவறான திசையில் வரும் இருசக்கர வாகனங்கள் நம்மிடம் உண்டு என்பதால் இடப்பக்கத்தையும் விட்டுவிடலாகாது.

எட்டு, ஒன்பது வயதில் குழந்தையை வழிநடத்தச் சொல்லுங்கள். எப்போது கடக்கலாம் என்று அது சொல்லட்டும். நீங்கள் உடன் நின்று ஏற்கவோ மறுக்கவோ செய்யுங்கள். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அமைப்பு, துணையின்றிப் பள்ளிக்கு நடந்து செல்ல ஏறத்தாழ 10 வயது ஆக வேண்டும் எனக் கூறுகிறது. போக்குவரத்து மிகுந்த நம் சாலைகளில் அதையும் குறைந்தபட்ச வயதாகவே கொள்வது நல்லது. பத்து வயதான பிறகும் முதலில் அமைதியான தெரு, பின்னர் சிக்னல் உள்ள சாலை என்று படிப்படியாகவே விட வேண்டும். நெடுஞ்சாலையை அந்த வரிசையில் சேர்க்க வேண்டாம்.

மருத்துவமனைக்கு வரும் நாள்களில்

நம் கவனம் மிகவும் சிதறியிருக்கும் இடங்களுள் மருத்துவமனை வாசலும் ஒன்று. கையில் கோப்பு, மருந்துச் சீட்டு, தண்ணீர்ப் புட்டி. மனத்தில் மருத்துவர் சொன்ன செய்தி. எதிரே மருந்துக் கடை, தேநீர்க் கடை. பின்னால் வரும் குழந்தையைத் திரும்பிப் பார்க்க மறக்கும் நேரம் அது. ஆகவே இயன்றவரை குழந்தையை உள்ளேயே ஒருவரிடம் விட்டுவிட்டு மருந்து வாங்கச் செல்லுங்கள். விடும்போது, "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், ஒருவரின் முகம் பார்த்து, "நான் வரும்வரை இவன் கை உங்கள் கையில்" என்று சொல்லுங்கள். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லாரும் எண்ணும் இடத்தில் யாரும் பார்ப்பதில்லை.

சிகிச்சை முடிந்து திரும்பும் குழந்தைக்கு வழக்கத்தைவிட அதிகத் துணை தேவைப்படலாம். கண் பரிசோதனைக்குச் சொட்டு மருந்து விட்டிருந்தால், மருந்தைப் பொறுத்துச் சில மணி நேரம் முதல் சில நாள்கள் வரை பார்வை மங்கலாகவும் வெளிச்சத்தில் கூசலாகவும் இருக்கும். ஒரு கண்ணை மூடிக் கட்டியிருந்தால் தூரத்தைக் கணிப்பது கடினம். சளிக்கான சில மருந்துகளும் வலிப்பு நோய்க்கான மருந்துகளும் மந்தத்தை உண்டாக்கும். செவித்திறன் குறைந்த குழந்தை, ஓரிடத்தில் நில்லாத துறுதுறுப்பு மிகுந்த குழந்தை, ஆட்டிசம் உள்ள குழந்தை ஆகியோருக்கு மேலே சொன்ன வயதுக் கணக்குகள் பொருந்தா. அவர்கள் எப்போது தனியாகச் செல்லலாம் என்பதை உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

அடிபட்டுவிட்டால்

முதலில் பின்னால் வரும் வாகனங்களை நிறுத்தச் சொல்லுங்கள்; உடனே 108-ஐ அழையுங்கள். குழந்தையைக் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தவோ உலுக்கவோ வேண்டாம். கழுத்தும் தலையும் அசையாதபடி இருக்கட்டும். இரத்தம் வழியும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். தண்ணீரோ உணவோ கொடுக்க வேண்டாம். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அது இடையூறாகும்.

எழுந்து நடந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வீடு திரும்பிய பிறகு மீண்டும் மீண்டும் வாந்தி, எழுப்ப முடியாத உறக்கம், கடுமையான தலைவலி, மூச்சுத் திணறல், வயிற்று வலி, காது அல்லது மூக்கிலிருந்து நீரோ இரத்தமோ வடிதல், வலிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டால் உடனே அழைத்து வாருங்கள்.

விபத்தில் சிக்கியவருக்கு உதவினால் வழக்கில் மாட்டிக்கொள்வோமோ என்று எவரும் அஞ்ச வேண்டாம். 2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்துடன் உதவுபவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. தம் பெயரைத் தெரிவிக்குமாறு அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. பணத்துக்காகத் தாமதிக்க வேண்டியதில்லை.

இன்று மாலை வேன் வரும்போது, பாட்டி வாசலில் நிற்க வேண்டாம். வேன் நிற்கும் பக்கத்தில் யாராவது ஒருவர் நிற்கட்டும். பேத்தி இறங்கியதும் அவள் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். வேன் புறப்பட்டுச் சென்று, சாலை இருபுறமும் நன்றாகத் தெரியும்வரை இருவரும் காத்திருக்கட்டும். கூடுதலாக ஆவது ஒரு நிமிடம். கடந்து வந்த பிறகு பாட்டி எவ்வளவு வேண்டுமானாலும் கைகளை நீட்டி அழைக்கலாம்.